மாதுளம்பூ முத்திரை

நான் தீர்ப்பு எழுதுகிறவள் அல்ல.
சொன்னதைத் தட்டுகிறவள்.
இருபத்திரண்டு கட்டைகள், முக்காலி ஒன்று,
மடிந்து மடிந்து இறங்கும் ஒடுக்கமான காகிதம்.
ஃப்ரெஸ்னோவில் திராட்சை காயும் மாதங்களில்
நீதிமன்ற ஜன்னல் வழியே
ஊர் முழுக்கப் பாகு மணக்கும்.

முதல் வழக்கு அப்படியொரு செப்டம்பரில்.
ஹ்ராண்ட் தாஷ்ஜியான் கூண்டில் ஏறினார்,
கையில் சோடா சைஃபன்: நீலக் கண்ணாடி,
வெள்ளீயத் தலை,
வயிற்றில் புடைத்து நிற்கும் ஆறிதழ் மாதுளம்பூ.
"இந்த வால்வு என்னுடையது. காப்புரிமை எண் இதோ.
இந்தப் பூவும் என்னுடையது.
ரொட்டிக்கடை ரசீதின் பின்பக்கம் நானே வரைந்தது.
இதழுக்கு இதழ் அறுபது பாகை.
கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் சொல்வேன்."

ஸ்டாக்டனில் லீலண்ட் ரக் என்றொருவர்
அதே வால்வுக்கு ஏழிதழ்ப் பூ போட்டு விற்றிருந்தார்.
"ஓர் இதழ் கூடுதல்தானே" என்றார் ரக்கின் வக்கீல்.
கூடம் சிரித்தது. சிரிப்புக்கு என்னிடம் கட்டை இல்லை.
"தாகத்தோடு வருகிறவன் இதழ் எண்ணமாட்டான்"
என்றார் தாஷ்ஜியான்.
அந்த ஒரு வரியில்தான் அவர் ஜெயித்தார் என்று
இன்றைக்கும் நினைக்கிறேன்.

அன்று மாலை எண்ணிப் பார்த்தேன்:
'என்னுடையது', நாற்பத்தோரு முறை.
என் இயந்திரத்தில் அதற்கு ஒரே அழுத்து.

இரண்டு வருடம் போனது.

நெவாடாவில் வின்னமக்கா. ஒரு பாஸ்க் விடுதி.
மேய்ச்சல்காரர்களுக்குப் பிக்கோன் கலந்துகொண்டிருந்த
கத்தாலின் எலிசால்டே
சைஃபனைத் திருகவில்லை, தட்டவில்லை.
எடுக்கக் கை நீட்டினாள்.
வெடித்தது.
மருத்துவர் மணிக்கட்டிலிருந்து எடுத்த ஒன்பது சில்லில்
ஒன்றில் மட்டும் மூன்றரை இதழ்.
இரண்டு விரல் இனி மடங்காது.
வால்வின் காப்புரிமை பதினேழு வருடத்தில் தீரும்,
விரலுக்கு அப்படி ஒரு தேதி போடவில்லை.

மாநிலம் தாண்டிய வழக்கு. அதே கூடம், அதே முக்காலி.
தாஷ்ஜியானின் வக்கீல் பேரேடுகளை அடுக்கினார்.
"குப்பிக்கு மூன்று முறை அழுத்தச் சோதனை.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்திருக்கிறோம்.
எங்கே அசட்டை? காட்டுங்கள்."
காட்ட முடியவில்லை. ஏனென்றால், இல்லை.
பட்டறை மேற்பார்வையாளர் தன் கையெழுத்தைக் கண்டதும்
முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல மனிதர்.
கண்ணாடியின் தடிப்புக்குள்
எள்ளில் பாதியளவு ஒரு காற்றுக்குமிழ் இருந்திருக்கிறது,
யார் கண்ணுக்கும் எட்டாமல்.

நீதிபதி பேனாவை மூடினார்.
"கவனமாக இருந்தாரா என்று இங்கே யாரும் கேட்கவில்லை.
பண்டம் வாசலை விட்டுப் புறப்படும்போதே
குறையோடு புறப்பட்டதா?
அந்தக் குறைதான் கையை அறுத்ததா?
மேலே சொல்லுங்கள்."

மேலே சொல்ல வக்கீலிடம் ஒன்று மிச்சம் இருந்தது.
"இந்தச் சில்லு ரக்கின் போலியாக இருக்கலாம்.
பூ முழுதாக இல்லையே.
ஏழிதழாக இருந்திருக்காது என்று யார் சொல்வது?"

கத்தாலினின் வக்கீல் இளம்பெண். என் பக்கம் திரும்பினாள்.
பழைய வழக்கின் சுருளைக் கேட்டாள்.
என் குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், வாசித்தேன்:
இதழுக்கு இதழ் அறுபது பாகை.
கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் சொல்வேன்.

அவள் பையிலிருந்து எடுத்தது
பள்ளிப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் பாகைமானி.
அதை வைத்துப் பார்க்கும் முன்பே
தாஷ்ஜியான் மேசையருகே வந்துவிட்டார்.
சில்லைக் கட்டைவிரலால் தடவினார்,
ஒரு முறை, பிறகு எதிர்ப்பக்கமாக.
கண்கள் மூடியிருந்தன.

"என்னுடையது."

நாற்பத்திரண்டு.
அந்தப் பதிவை நீக்கச் சொல்லி அவர் வக்கீல் எழுந்தார்.
காகிதம் அதற்குள்
மடிந்து கீழே இறங்கியிருந்தது.