சோளகம் பேர்ந்தது

விடிய நாலரைக்கு மார்க்கம் றோட்டில்
ஒன்பது பேரை ஏற்றுவேன்.
காளான் பண்ணைக்கு ஒரு மணி நேர ஓட்டம்.
என் வானில் ஹீட்டர் கால்களுக்கு மட்டும்தான்.
ரேடியோ செத்த கிழமை
சவிரியான் தொண்டையைச் செருமினார்:

சோளகம் பேர்ந்ததடி, சுக்கான் திரும்புதில்லை,
கடன்காரச் சம்மாட்டி கரையில நிக்கிறான்டி.

பாசையூரில் வலை இழுத்த பாட்டு.
வரிக்கு இரண்டு இடத்தில் மூச்சு முறியும்,
இழுக்க ஒன்று, பிடிக்க ஒன்று.
இழுக்க ஒன்றுமில்லாத வானுக்குள்
சீற் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பாடினார்.

கடைசி வரிசையில் இசக்கியம்மா,
சங்கரன்கோவில் பக்கம்.
சோளகமென்று ஒரு காற்று இருப்பதை
அவளுக்கு யார் சொன்னது?
அடுத்த திங்கள் அவள் வாயில் வந்தது இது:

சோளம் பெருத்ததடி, சொக்கன் திரும்பலையே,
கடன்கார மொதலாளி களத்துல நிக்கான்டி.

நான் கண்ணாடியில் பார்த்தேன்.
சவிரியான் முகம் நெருப்பாய்க் கிடந்தது.
"சொக்கன் ஆரடி? அது சுக்கான்.
தோணியைத் திருப்புற சுக்கான்!"
"சுக்கானுக்காக எவ அழுவா அண்ணாச்சி?"
என்றாள் அவள், தொப்பியில் விளக்கைப் பொருத்தியபடி.
இரண்டு எக்சிற் தாண்டும்வரை
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
வெளியே, ஆளுயரத்துக்கு,
இரு பக்கமும் சோளம்.

பிறகு பாட்டு என் வானில் நிற்கவில்லை.
பொகவந்தலாவை லெட்சுமணன்
சம்மாட்டியையும் முதலாளியையும் இறக்கிவிட்டு
கங்காணியை ஏற்றினான்;
கரையும் களமும் தராசாயின.
இங்கும் தராசடியில் ஒருவன் நிற்கிறான், கிரெய்க்.
மெட்டு அவனுக்குப் பிடித்துப்போயிற்று.
கூடைகளை நிறுத்து, கிராம் குறைத்து எழுதும்போதெல்லாம்
தன்னைத் திட்டும் வரியைத்தான்
விசிலடித்தான், நல்ல சுருதியில்.

மரிசெல் என்னிடம் அர்த்தம் கேட்டாள்.
எதைச் சொல்ல? சோளம் என்றேன்.
அவளுக்கு அது போதும்.
இலோய்லோவில் இருக்கும் மகளுக்கு
இடைவேளையில் போனில் பாடினாள்,
சொல்லெல்லாம் கரைந்து 'டி' மட்டும் மிஞ்ச.
வலை இழுத்த மூச்சு அவள் வாயில் நீண்டு நீண்டு
தூங்கும் பிள்ளையின் மூச்சாயிற்று.
சவிரியான் அதை மட்டும் திருத்தவில்லை.
காளான் தட்டுக்குமேல் குனிந்தபடியே இருந்தார்.

தை மாதம் அவருக்கு முழங்காலில் வெட்டு.
ஆறு கிழமை அவர் இருக்கையில்
சாப்பாட்டுப் பைகள் போயின.
பாட்டில் சொக்கனுக்கு இரண்டு வரி கூடியது.
அவன் பட்டாளம் போனான் என்றாள் இசக்கியம்மா.
இல்லை, கப்பல் ஏறினான் என்றான் லெட்சுமணன்.

மார்ச்சில் திரும்பி வந்தார்.
வந்த அன்றே பண்ணைக்குப் போகும் மண் றோட்டில்
பின்சில்லு பனிக்குள் புதைந்தது.
அறுத்த சோளத் தட்டைகள்
வெள்ளைக்குமேல் விரல் விரலாய் நின்றன.
எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள்.
வேண்டாமென்று சொல்லச் சொல்ல அவரும்.
நான் உள்ளே, கால் அக்சிலேற்றரில்,
கதவு பாதி திறந்து.
பின்னாலிருந்து அந்தக் குரல்,
முதல் முறையாய்த் தள்ள ஏதோ கிடைத்த குரல்:

சோளகம் பேர்ந்ததடீ... சொக்கன் திரும்பலையே...

மூச்சு முறிந்த இடத்தில்
எட்டுப் பேரின் தோளும் ஒன்றாய் இடிக்க
வான் ஒரு முழம் முன்னால் வந்து, வழுக்கி,
மறுவரியில் ஏறியது.

புருவத்துப் பனியைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
நான் கியரை மாற்றினேன்.
"அது சரி," என்றார் சவிரியான், முன்னால் பார்த்தபடி,
"கடைசியில அவன் வந்தானோ?"

"தெரியலயே அண்ணாச்சி," என்றாள் இசக்கியம்மா,
"இன்னும் அம்புட்டு தூரம் பாடலியே."