உருளாத நிலம்

தோகாவில் பதினொரு வருடம் புல் வெட்டினேன்.
வெள்ளிக்கிழமை விடிகாலைகளில்
தண்ணீர் காணாத பழைய ஒன்பது குழி
ஊழியர்களுக்கு இலவசம்.
என் அடி அங்கே பிறந்தது:
தாழப் போ, காற்றுக்குக் குனி,
கிரீனுக்கு முப்பது கஜம் முன்னால் விழு,
மிச்சத்தை நிலம் பார்த்துக்கொள்ளும்.
சுட்ட செங்கல் மாதிரி நிலம்.
‘டொக்’ என்று கேட்கும்,
பிறகு பந்து ஓடும், ஓடும்,
சம்பள நாளில் கடைக்கு ஓடும் பிள்ளைபோல.

நுவரெலியாவில் முதல் நாள்
அதே அடி, அதே ஏழாம் இரும்பு.
விழுந்தது.
அவ்வளவுதான்.
கிட்டப் போய்ப் பார்த்தால்
தான் தோண்டிய குழியில்
தானே பாதி புதைந்து கிடக்கிறது.

ஹேமந்த உருளைக்கிழங்கு மொத்த வியாபாரி.
மண் விஷயத்தில் அவரோடு வாதாட முடியாது.
‘நட்டுட்டீங்க’ என்றார்,
‘மூணு மாசத்தில கிண்டலாம்.’

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
இந்த உயரம் கூட்டித் தருவது பன்னிரண்டு கஜம்.
குளிர் பிடித்துக்கொள்வது எட்டு.
ஈரப்புல்லுக்கு ஐந்து.
கழித்தால் ஒரு கஜம் கடன்.
அம்மாவின் சம்பளத் துண்டும் இப்படித்தான் இருக்கும்,
வரவு ஒரு வரி, கழிவு ஏழு வரி.
இரண்டு ஸ்வெட்டருக்குள் சுருங்கிப்போன தோளை
எந்த வரியில் எழுதுவதென்று தெரியவில்லை.

பந்து உயர எழும்ப வேண்டுமானால்
கீழ்நோக்கி அடிக்க வேண்டும்.
மூளைக்குப் புரிந்தது.
கைதான் கேட்கவில்லை.
பத்தொன்பது வயதில் கவ்வாத்து வெட்டிய கை,
கீழிருந்து மேலே, ஒரே இழுப்பு,
தண்டு பிளக்காமல்.
பந்தின் மண்டையைச் சீவியதுதான் மிச்சம்.
நாலாம் குழியில் காலுறைக்குள் ஓர் அட்டை;
அது மட்டும்
வந்த இடத்துக்கு ஏற்றபடி
வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

ஏழாவது வாரம், பதினோராம் குழி.
டர்பன்டைன் மரங்களை விழுங்கிவிட்டுப்
பனிமூட்டம் கொடிக்கம்பத்துக்கும் வந்தது.
எங்கே என்று தெரியாமலே அடித்தேன்.
புல்லும் மண்ணும் முகத்தில் தெறித்தன.
பந்து மேலே போனது,
அல்லது போயிருக்க வேண்டும்.
காதைத் தீட்டினேன்.
‘டொக்’ இல்லை.
ஒன்றுமே இல்லை.
இந்த ஊரில் சத்தமின்மை
நல்ல சேதியா என்று
இன்னும் எனக்குப் படிக்கத் தெரியாது.

ஹேமந்த முன்னால் நடந்து
முதலில் கால்கள், பிறகு தொப்பி என்று
இல்லாமல் போனார்.
நெடுநேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது,
எந்தப் பக்கமிருந்தென்று சொல்ல முடியாமல்:
‘இங்க இருக்கு, வாங்க.’

குழிக்குப் பக்கத்திலா, ஓடைக்குள்ளேயா
என்று அவர் சொல்லவில்லை.
பட்டரை எடுத்தேன்.
எதற்கும் இருக்கட்டுமென்று
வெட்ஜையும்.