பதினாறாம் சானல்

பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு முப்பத்துநாலு.
அந்த ஒரு மார்க்கில் கால் வழுக்கித்தான்
நான் கடலில் விழுந்தேன் என்பான் கிளீற்றஸ்.

சின்னத்துறை விட்டுப் பதினோராம் நாள்.
கணியம் பார்க்க ஒரு மலையும் இல்லாத தூரம்.
வலை கிடக்கிறது. ராத்திரி இரண்டேகால்.
அணியத்தில் நின்று அவன்தான் கத்தினான்:
"லேய், கப்பலு!"

பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு.
ஒன்று மட்டும் தெரிந்தால் ஒதுங்கிப் போகிறான்.
இரண்டும் தெரிந்தது.
வேளிமலையை அடியோடு பெயர்த்து
யாரோ நம்மைப் பார்த்துத் தள்ளிவிட்டதுபோல.

படகில் பதின்மூன்று பேர்.
ஏசுவதற்குத் தமிழ், கணக்குப் பேச மலையாளம்,
அசாம்காரன் பிஜோயிடம்
பாதி இந்தி, மீதி கைச்சாடை.
மாதாவை எல்லாரும் எல்லாவற்றிலும் கூப்பிட்டார்கள்.
வயர்லெஸ் பெட்டிக்கு இதொன்றும் எடுபடாது.
மைக்கைப் பிடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த
டாபோடில் பூக்கள்தான் முதலில் நாக்கில் வந்தன.
விழுங்கிவிட்டு,
"சார், பிஷ்ஷிங் போட். ஐ ஆம் ஹேவிங் நெட்..."

கரகரப்பு. அப்புறம் ஒரு குரல்:
"சே அகெய்ன், சார்."

வெள்ளைக்காரன் குரல் இல்லை.
பாசி பிடித்த பாறையில் கால் வைப்பதுபோல
ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்து வைத்தான்.
அவனும் எங்கேயோ பெஞ்சுமேல் நின்றிருக்கிறான்.
நான் சாருக்கு அவனை அழைக்க,
அவன் சாருக்கு என்னை அழைக்க,
கப்பல் வந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் தடவை
இலக்கணம் முழுவதையும் தூக்கிக் கடலில் போட்டேன்.
நெட். டூ மைல். தேர்ட்டீன் மேன். ப்ளீஸ்.

சிவப்பு அணைந்தது.
பச்சை மட்டும்.
மலை மெள்ளத் திரும்பிப் போயிற்று.
அதன் அலை வந்து எங்களைத் தூக்கிப் போட
இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

போகிற போக்கில் அவன் கேட்டான்:
"வாட் பிஷ், சார்?"
"சூரை" என்றேன். புரியவில்லை.
"டூனா?"
"எஸ், எஸ், டூனா."
"மை பாதர் ஆல்சோ பிஷ்ஷிங். பிலிப்பீன்ஸ்."
"குட்" என்றேன்.
அந்த ஒரு சொல்லில் எவ்வளவு கொள்ளுமோ
அவ்வளவும் திணித்துத்தான் சொன்னேன்.

ஆயிரம் மைல் சுற்றளவில்
அந்தப் பாஷைக்குச் சொந்தக்காரன் ஒருத்தனும் இல்லை.
பூட்டாத வீடு ஒன்றில் விளக்கு ஏற்றி
வழிப்போக்கர் இரண்டுபேர் உட்கார்ந்திருந்தோம்.
பொய் சொல்லும் அளவுக்கு
எங்கள் இருவரிடமும் வார்த்தை இல்லை.

தேங்காப்பட்டணத்தில் மீனை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தால்
ஜெஸ்பின் முகம் சரியில்லை.
நர்சு வேலைக்கான பரீட்சை,
மார்த்தாண்டத்தில் நகைக்கடை மாடியில் மூன்றுமாத வகுப்பு,
பதினேழாயிரம் ரூபாய்.
ஏழு வேணும். ஆறரை.
"எனக்க உச்சரிப்பு தெளிவில்லையாம்."

அரை மார்க்கு.
எங்கள் குடும்பத்துக்கு இது ஒரு வியாதி.

சோற்றுக்கு நடுவில் கப்பல் கதையைச் சொன்னேன்.
"அந்த ஆளுக்க உச்சரிப்பு எப்பிடி?"
"படு மோசம், பிள்ளே. அதான் எனக்கு வெளங்கிச்சு."

அவள் சிரிக்கவில்லை.
ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள்.
எந்த ஊரிலோ படுத்துக் கிடக்கப்போகிற,
இன்னும் நோயே வராத யாரோ ஒரு கிழவரிடம்
இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தாள்,
திரும்பத் திரும்ப:
"இங்கே வலிக்கிறதா, சார்?
இங்கே?"