மூன்றரைக்கு இருட்டும் ஊர்

பொறையார் அரசு மருத்துவமனை, பிரசவ வார்டு.
ஐப்பசி மழை ஜன்னல் கம்பியில் ஒழுகுகிறது.
"அந்த வெளிநாட்டு ஊரு எப்படிக்கா இருந்துச்சு?"
ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே
கேட்கிறாள் செந்தாமரை.
எட்டு சென்டிமீட்டர். பேச்சுக் கொடுப்பது நல்லது.

ஓர்ஹுஸ்.
எழுதும்போது ஆர், சொல்லும்போது ஓர்.
என் தம்பி அங்கே காற்றாலை இறக்கைக்குக்
கணக்குப் போடுகிறவன்.
போன மார்கழியில் பதினோரு நாள் விடுப்பு,
இரண்டு கிலோ பருப்புப்பொடி,
கடன் வாங்கிய குளிர்கோட்டு.
கை நீளம் எனக்கு, விரல் நுனிகூடத் தெரியாது.

கடல் இருந்தது. மீன் வாடை இல்லை.
அதைக் கடல் என்று ஒத்துக்கொள்ள
ஒரு நாள் பிடித்தது.
சுனாமிக்குப் பிறகு நாம்
வீடுகளைத் தூக்கி ரோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தோம்.
அவர்கள் தண்ணீரின் மடியிலேயே
ஏழு மாடி வைத்திருக்கிறார்கள்.
அலை என்று ஒன்று இருந்தால்தானே பயம்,
தட்டில் ஊற்றிய கஞ்சிபோல
ஆறிக் கிடக்கிறது.

மூன்றரைக்கு இருட்டிவிட்டது.
தம்பி ஆபீசில். நான் தெருவில்.
சிக்னலில் கோடரி பிடித்த ஒரு சிவப்பு ஆள்.
வண்டி இல்லை, நாய்கூட இல்லை,
ஆனாலும் பத்துப் பேர் நிற்கிறார்கள்.
நானும் நின்றேன்.
மயிலாடுதுறை மணிக்கூண்டை
முப்பது வருஷம் குறுக்கே கடந்த கால்கள்
என்னை ஏசின.

அப்புறம்தான் அதைப் பார்த்தேன்.
காபிக் கடை வாசலில் ஒரு தள்ளுவண்டி.
வண்டியில் குழந்தை.
பக்கத்தில் ஆள் இல்லை.
குளிர் இரண்டு டிகிரி,
போர்வைக்கு வெளியே மூக்கு மட்டும், சிவந்து.

விரலை நீட்டி மூச்சுப் பார்த்தேன்.
நிமிடத்துக்கு முப்பத்தெட்டு. சீராக இருந்தது.
போகலாம்தான். கால் நகரவில்லை.
காவலுக்கு நின்றேன்.
பிள்ளைபிடிக்கிறவள் என்று யாராவது நினைத்தால்
எந்த மொழியில் இல்லை என்பது?
இருபது நிமிடம். காது இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி
ரொட்டியைப் பிய்த்தபடி என்னைப் பார்த்தாள்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பிறகு எழுந்து வெளியே வந்து
காகிதக் கோப்பையில் ஒரு காபியை
என் கையில் திணித்துவிட்டு
திரும்ப உள்ளே போய்விட்டாள்.
குழந்தையை எடுத்துப் போகவில்லை.

"ஐயய்யோ, அப்பறம்?"
மூச்சை இழு. மெதுவா விடு. இப்ப முக்காதே.

அப்புறம் என்ன, காபி கசப்பு. குடித்தேன்.

மறுநாள் தண்ணீரோரத்தில் ஒரு நூலகம்.
கூரையிலிருந்து தொங்கும் வெண்கலக் குழாய்,
அரைப் பனை உயரம்.
திடீரென்று ஓங்கி ஓர் அடி.
படித்துக்கொண்டிருந்த யாரும் நிமிரவில்லை.
தம்பி சொன்னான்:
ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்ததும்
பெற்றவர்கள் ஒரு பொத்தானை அழுத்துவார்கள்,
அது இங்கே ஒலிக்கும்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.
பத்தொன்பது வருஷம்.
என் கைக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று
பதிவேட்டைத்தான் கேட்க வேண்டும்,
அதிலும் ஒரு வருஷம் வெள்ளத்தில் ஊறிப்போனது.
"போலாமாக்கா?" என்றான் தம்பி.
இன்னொன்று கேட்டுட்டுப் போலாம்டா.
சாயங்காலம் வரை இருந்தோம்.
சாயங்காலம் என்றால் அங்கே மூன்றரை.
வேறு யாரும் பிறக்கவில்லை.

செந்தாமரை என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.
வளையல் நெளிகிறது.
இப்ப. இப்ப முக்கு. இன்னும். இன்னும் கொஞ்சம்.

மூன்று பத்துக்குப் பெண்.
இரண்டு கிலோ எண்ணூறு. நல்ல குரல்.
துடைத்து, சுற்றி, அம்மா மார்மேல் வைத்துவிட்டுத்
திரும்பும்போது
எவர்சில்வர் தட்டு கையிலிருந்து நழுவியது.
நழுவியதா என்று என்னைக் கேட்காதீர்கள்.
வராந்தா முழுக்க உருண்டு
மருந்துக் கிடங்கு வரை போய்
ஒருவழியாக அடங்கியது சத்தம்.

மோட்டார்பைக்கில் சாய்ந்து தூங்கிய
குழந்தையின் அப்பா அசையவில்லை.
வாட்ச்மேன் அருள்தாஸ்தான்
டார்ச்சோடு ஓடிவந்தார்.
"என்ன சிஸ்டர், என்ன விழுந்துச்சு?"

டார்ச்சைக் கீழே பிடிங்க,
பிள்ளை கண்ணுல படுது.