அளவு ரவிக்கை

ரோலாவில் எங்கள் கடைக்கு வரும் பெண்கள்
நீலவேணியைத் திட்டிக்கொண்டே
நீலவேணியின் ரவிக்கையைக் கேட்கிறார்கள்.
"அந்தச் சண்டாளி நேத்துப் போட்டிருந்தாளே,
முதுகுல பானைக் கழுத்து, கையில தங்கப் பைப்பிங்."
போனை நீட்டுகிறாள் தெரசா சுகந்தி.
நிறுத்திய படத்தில்
ஒரு புருவம் மேலேயே நிற்கிறது.

நாயகியின் ரவிக்கையைப்
பதினோரு வருடத்தில் ஒருத்தியும் கேட்டதில்லை.

அங்கே ஒன்பது மணி, இங்கே ஏழரை.
"ஏழரை தொடங்கிருச்சு, மிஷினை நிறுத்து" என்பார்கள்.
பக்கத்து மிஷின் முல்தான்காரர் இர்ஷாதுக்குத்
தமிழ் தெரியாது.
நீலவேணி வந்தால் அவரும் பல்லைக் கடிப்பார்.
இசை சொல்லிவிடுகிறது அவருக்கு.

மூத்த மருமகள். பீரோச் சாவியைத் திருடியவள்.
சின்னவளின் வளைகாப்பில் வளையல் போடாமல் நின்றவள்.
எல்லாம் சரி.
ஆனால் நாற்பதாவது எபிசோடில்
அவள் புருஷனைத் துபாய்க்கு அனுப்பினார்கள்.
நடிகருக்கு வேறு படம் கிடைத்ததாம்.
ஒரு சூட்கேஸ், ஒரு டாக்ஸி,
அம்மா காலில் ஒரு கும்பிடு.
இப்போது நானூற்றுப் பன்னிரண்டு ஓடுகிறது.
போன் வந்ததா, பணம் வந்ததா,
யாரும் அவளைக் கேட்கவில்லை.
எழுதுகிறவருக்கே மறந்திருக்கும்.
அவள் மட்டும் இன்னும்
கட்டிலில் ஒரு பக்கமாகவே படுக்கிறாள்.
படத்தின் ஓரத்தில் தெரிகிறது.
கேமரா சாவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

துபாய் இங்கிருந்து அரை மணி நேரம்,
நெரிசல் இல்லாவிட்டால்.
லீவு நாளில் போயிருக்கிறேன்.
அப்ரா துறையில் காலைத் தொங்கப்போட்டு
அவனைப் போல நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஒருவரும் கதையில் இல்லை.

என் அம்மா அழைப்பாள்.
"உன் பொண்டாட்டி இன்னைக்கு என்ன செஞ்சா தெரியுமால?"
தங்கை இடையில் புகுவாள்.
சாவி. பால் கணக்கு. உதட்டைச் சுழித்தாளாம்.
கேட்கக் கேட்கப் பின்னால்
அதே இசை ஓடும். போனில் இல்லை,
என் மண்டையில்.
ஒரு தடவை நானே கத்தினேன்,
"ஏன் இப்படி இருக்க?"
இசக்கியம்மாள் பதில் சொல்லவில்லை.
தொடராக இருந்தால்
மூன்று முறை அவள் முகத்தைக் காட்டியிருப்பார்கள்.

போன மாதம் நீலவேணியை மாற்றினார்கள்.
இவருக்குப் பதில் இனி இவர்,
திரையின் அடியில் ஒரு வரி.
சுகந்திக்கு வித்தியாசமில்லை, அதே திட்டு.
எனக்குத் தெரிந்தது.
புதியவளுக்குக் கைச்சுற்று ஒன்றரை அங்குலம் கூட.
பழையவளின் ரவிக்கையையே மாட்டிவிட்டிருக்கிறார்கள்.
அக்குளில் தையல் இழுக்கிறது.
வசனம் முழுக்கக் கையைத் தூக்கவே இல்லை அவள்.
எல்லோரும் அதைத் திமிர் என்றார்கள்.

அன்றிரவு ஷட்டரை இறக்கிவிட்டு ஊருக்கு அழைத்தேன்.
"தீபாவளிக்கு அனுப்புனது சரியா இருந்துதா?"
ஏழு வருடமாகத் தைத்து அனுப்புகிறேன், கேட்டதில்லை.
அளவுதான் என்னிடம் இருக்கிறதே,
கல்யாணமான வருடம் எடுத்தது,
நோட்டின் முதல் பக்கத்தில்.
நடுவில் மூன்று லீவு போய்வந்தேன்,
திரும்ப அளக்கத் தோன்றவில்லை.

"கை பிடிக்குது" என்றாள்.
"எல்லாத்துலயும். ரெண்டாவது வருஷத்துல இருந்தே."
"சொல்லியிருக்கலாம்லா."
"யார்கிட்ட?" என்றாள் இசக்கி.

நோட்டைத் திறந்தேன்.
பழைய எண்ணை அடிக்கவில்லை,
பக்கத்தில் இடம் இருந்தது.
"டேப் இருக்கா வீட்ல?"
தேடப் போனாள். ரொம்ப நேரம் வரவில்லை.
இழுப்பறை திறக்கிற சத்தம்.
தூரத்தில் அம்மா யாரிடமோ கேட்கிறாள்,
"இப்ப எந்தச் சாவிய எடுக்கா அவ?"