முப்பத்தொரு பாகையில் ஒரு போர்வை

கொழும்பில் போர்வை யாருக்கு வேணும்
என்று கேட்கிறான் ஹில்மி,
கெய்சர் வீதியில், நனைந்த சேட்டோடு,
தராசில் துண்டுப் புடவையைக் கொட்டிக்கொண்டே.
ஒரு கிலோ. ஒன்றேகாலாய்ப் போடட்டா, டொக்டர்?
நான் டொக்டர் இல்லை, எக்ஸ்ரே எடுக்கிறவன்.
நாலு வருசமாய்த் திருத்திக் களைத்துவிட்டேன்.
விலை குறையாத இடத்தில்
பட்டமாவது கூடட்டும்.

ஏற்றுமதித் தொழிற்சாலைகள் கழித்தவை இவை.
எந்தத் தேசத்துப் பிள்ளையோ
உடுத்திக்கொண்டு உறங்கும் பைஜாமாவின் அக்குள் வளைவு,
பனிமான் அச்சிட்டதில் கொம்பு மட்டும்,
கொலர் வெட்டிய பிறகு எஞ்சிய
பிறை வடிவ நீலம்.
நூறாம் இலக்க பஸ்ஸில் பை மடியில்.
கையை உள்ளே விட்டபடி வருகிறேன்.
பார்க்காமலே விரலுக்குத் தெரியும்
எது பருத்தி,
எது பருத்தி என்று பொய் சொல்வது.
பம்பலப்பிட்டியில் ஏறிய பெண்
என்னைச் சந்தேகமாய்ப் பார்த்துத்
தள்ளி உட்கார்கிறாள்.

பகல் முழுக்க எனக்கு ஒரே வசனம்.
மூச்செடுங்கோ. பிடியுங்கோ. இப்ப விடுங்கோ.
சிங்களத்திலும் அதே, இங்கிலீசிலும் அதே.
கறுப்பில் வெள்ளையாய் விலா எலும்புகள்
வரிசையில் வந்து வரிசையில் போகும்.
நிறம் தொடங்குவது இரவு எட்டரைக்கு.

சாப்பாட்டு மேசையில் பாதி என்னுடையது.
மறுபாதியில் வத்சலா விடைத்தாள் திருத்துகிறாள்.
குண்டூசி விழுந்தால் உடனே சொல்லவேண்டும்:
எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் அது ஒன்றுதான்.
போன மாதம் நான் சொல்லவில்லை.
அவள் கண்டுபிடித்தாள், பாதத்தால்.

நாலு துண்டின் நாலு மூலையும்
ஒரே புள்ளியில் கூடுகிற இடம் இருக்கிறதே,
அது வரும்போது மோட்டாரை நம்புவதில்லை.
சக்கரத்தைக் கையால் சுற்றுகிறேன்.
மூச்செடு.
பிடி.
தடித்த மடிப்புகளுக்குள் ஊசி இறங்கி
மறுபக்கம் போய் நூலைக் கூட்டிக்கொண்டு ஏறுகிறது.
விடு.
திருப்பிப் பார்த்தால்
சிவப்பு மட்டும் ஓர் இழை விலகி நிற்கிறது,
கலியாணப் படத்தில் கோபித்துக்கொண்ட சித்தப்பா மாதிரி.

பிரித்துத் தைக்கலாம்.
பிரிப்பதற்கென்றே ஒரு குட்டி ஆயுதம் இருக்கிறது,
இரண்டு நாக்கு, நடுவில் கத்தி.
நேற்று மூன்று தரம் பிரித்தேன்.
உண்மையைச் சொன்னால்
மூன்றாம் தரம் பிழை ஒன்றும் இல்லை.
தையல் ஒவ்வொன்றாய் அறும்போது வரும்
அந்தப் பொட்டுச் சத்தத்துக்காகத்தான்.

கீழ்வீட்டு வீரக்கோன் அம்மா
விளக்குமாற்றுத் தடியால் தன் கூரையை,
அதாவது என் தரையை,
மூன்று தரம் இடித்தால் மணி ஒன்பதரை.
அதற்காகத்தான் என் முதலாவது போர்வையை,
ஓரமெல்லாம் அலை அலையாய் எழும்பி
கட்டிலில் விரிக்க வெட்கப்பட்டதை,
மெஷின் நிற்கிற மேசையின் காலுக்குக் கீழே
எட்டாய் மடித்து வைத்தேன்.
இடி நின்றது.
இரண்டு கிழமை கழித்து லிப்டில் கேட்டார்,
தைக்கிறதை விட்டுவிட்டீர்களா, உடம்புக்கு ஏதும்?
குரலில் மெய்யான கவலை.
இல்லை, உங்களுக்கென்று ஒரு போர்வை தைத்தேன் என்றேன்,
என் ஓட்டைச் சிங்களத்தில்.
கழுத்து வியர்வையை ஒற்றியபடி
எனக்கா, இந்தச் சூட்டிலா, என்றார்.
மூன்றாம் மாடி திறந்துகொண்டது.
மிச்சத்தை நான் விளங்கப்படுத்தவில்லை.

இன்றிரவு புதியது முடிந்தது.
கரையோர ரயில் போன பிறகு கதவைத் திறந்தோம்,
காற்றில் உப்பும் டீசலும்.
கட்டிலில் விரித்தேன்.
பிறை நீலங்கள், கொம்புகள்,
விலகி நிற்கும் அந்தச் சிவப்பும்.
வத்சலா காற்றாடியை ஐந்தில் வைத்தாள்.
விரல்நுனியால் ஓரத்தைத் தூக்கி
ஒரு காலை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தாள்.
குண்டூசி எல்லாம் எடுத்தாச்சோ?
எண்ணிவிட்டேன் என்றேன்.
எத்தனை என்று அவள் கேட்கவில்லை.