சாடி உண்டு

ஸ்ரான்லி வீதிக் காப்புறுதிக் கந்தோரில்
ஏசிக்கு நேர் கீழே ஒரு செடி நிண்டது.
பேர் ஒருத்தருக்கும் தெரியாது.
சாடியில் மட்டும் வெள்ளைப் பெயின்ரில் ஓர் இலக்கம்: 41.
மிச்சத் தேத்தண்ணியை அதுக்குள்தான் ஊத்துவினம்.

நான் இழப்பீட்டுப் பிரிவு.
மரணச் சான்றிதழின் மூலப்பிரதி பார்த்து
சிவப்பு மையால் சரி போடுவது என் வேலை.
கடைசி இலையும் மஞ்சளான வெள்ளிக்கிழமை
றெஜினோல்ட் சேர் சொன்னார்,
"பிள்ளை, உதைப் பிடுங்கி எறியும்.
சாடியை வையும்."

சொப்பிங் பையில் சுற்றி
ஸ்கூட்டியின் கால்மிதியில் வைத்து
அரியாலைக்குக் கொண்டுபோனேன்.

கிணத்தடியில் கழுவக் கழுவ
வேரின் தோல் கழன்று கையோடு வந்தது.
ஊறப்போட்டு மறந்த உழுந்தின் மணம்.
புது பிளேட்டால் அழுகினதை வெட்டி
அதுக்கு மேலும் ஒரு விரற்கடை வெட்டி
பச்சை தெரியும்வரை வெட்டினேன்.
மிஞ்சினது மூன்று துண்டுத் தண்டு.
வெட்டுவாயில் கறுவாத்தூள்,
கறிக்கு வைத்திருந்தது.

சோடாப் போத்தல்களின் கழுத்தை அரிந்து
ஜன்னலில் வரிசையாக வைத்தேன்.
வீட்டுக்கார செல்வமலர் எட்டிப் பார்த்து
"பல்லுச்செட் ஊறவைச்ச மாதிரிக் கிடக்கு" எண்டா.

எங்கட கிணத்துத் தண்ணி சுண்ணாம்பு.
கேத்தலுக்குள் ஓடு கட்டும்,
போத்தலில் கோடு கோடாக இறங்கும்.
குடித்ததோ ஆவியாய்ப் போனதோ
கோட்டுக்குத் தெரியாது.
முதல் துண்டு மூன்றாம் நாளே வழுவழுத்தது.

ஐப்பசி மழைக்கு
வாளி, சருவச்சட்டி, சோத்துப்பானை மூடி
எல்லாம் முற்றத்தில்.
மழைத்தண்ணி மாத்தின பதினேழாம் நாள்
ஒரு தண்டின் கணுவில்
வெள்ளையாய் என்னவோ துருத்தியது.
செல்வமலர் சொன்னதும் முழுப்பிழை இல்லை:
அது பால்பல்லு.

உரும்பிராய்ச் செம்பாட்டு மண்,
கொஞ்சம் தும்பு,
இடித்த சிரட்டைக்கரி.
கார்த்திகை முடியமுன்னம் நாலு இலை.
அதில் ஒன்று கொஞ்சம் கோணல்.

மார்கழியில் இருப்பெடுக்க
கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தினம்.
கதிரை எண்ணி, காற்றாடி எண்ணி
நாற்பத்தொன்றில் நிண்டினம்.
சேர் என்னைப் பார்த்தார்.
"உம்மட்டத்தானே? பிழைச்சிட்டுதெண்டு ஜெசிந்தா சொன்னா.
கொண்டாருமன், பழைய இடத்திலேயே வைப்பம்."

ஏசி மேலேயிருந்து
சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

பதினொரு வருஷமாக
மற்றவையின் சாவுக்குள் பொய் தேடினவள்
நிமிர்ந்து சொன்னேன்,
"இல்லை சேர். செத்துப்போச்சு."
அவர் மூலப்பிரதி கேட்கவில்லை.
எழுதினார்கள்:
செடி இல்லை. சாடி உண்டு.

தை மாதம் அதில் ஒரு கிளை முறித்து
வாசல் காவலர் அருட்பிரகாசத்தின் கூட்டுக்குள்
பால்மாப் பேணி ஒன்றில் நட்டேன்.
கிழக்கு வெயில் வருகிற மூலை.
அவர் தேத்தண்ணியைத் தானே குடிக்கிறவர்.
நேற்று சேர் அதுக்கு முன்னால் நிண்டாராம்.
"வடிவாக் கிடக்கு. என்ன செடி உது?"
"பேர் தெரியாது சேர்."

வீட்டில்
இரண்டாவது துண்டு இன்னும் தண்ணிக்குள்.
வேரும் இல்லை, அழுகலும் இல்லை.
என்ன யோசிக்குதோ.
மழைத்தண்ணி அரை வாளிதான் மிச்சம்.
விடிய மாத்தவேணும்.